சந்தாவும் உடைமையும்: இணைய இசைச் சேவைகளின் காலத்தில் தமிழ்ப் பாடல் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல் வரலாறு குறித்த பாடமொன்றை இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறார். அப்பாடத்திற்குரிய 40 பாடல்களை இணைய இசைச் சேவை ஒன்றில் பட்டியலாகத் தொகுத்து, பருவத் தொடக்கத்தில் மாணாக்கர்க்கு அளிப்பது வழக்கம். ஒரு பருவத்தின் ஏழாம் வாரத்தில் அப்பட்டியலில் இருந்த பாடல்களுள் ஆறு ஒலிக்கவில்லை. அவற்றின் பெயர்கள் மட்டும் மங்கிய எழுத்தில் எஞ்சியிருந்தன. காரணம் எதுவும் கூறப்படவில்லை. அந்த ஆறனுள் நான்கு பாடல்கள், தோட்டத்தில் பணியாற்றிய தந்தையார் வாங்கிச் சேர்த்த ஒலிநாடாக்களில் இருந்தன. அவற்றை இயக்கும் கருவியைத் தேடிப் பெறுவதற்கே இரண்டு நாள்கள் ஆயின. நாடாக்களுள் ஒன்றில் பூஞ்சை படிந்து ஒலி சிதைந்திருந்தது. எனினும் மூன்று பாடல்களை வகுப்பில் ஒலிக்கச் செய்ய முடிந்தது.

சந்தாவின் நம்பகமின்மையை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. உடைமையின் நலிவையும் அதே அளவிற்குக் காட்டுகிறது. மாதந்தோறும் சந்தா செலுத்திப் பாடல் கேட்பதா, பாடலை விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதா என்னும் வினா பெரும்பாலும் செலவு, வசதி ஆகிய இரண்டு அளவுகோல்களாலேயே எடைபோடப்படுகிறது. தமிழ் கற்பிப்போர்க்கும் ஆய்வோர்க்கும் மூன்றாவது அளவுகோல் ஒன்று உண்டு. பாடல் ஒரு பனுவல். பனுவலை மேற்கோள் காட்டவும், ஒப்பிடவும், அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கவும் வேண்டுமாயின் அது ஓரிடத்தில் நிலைத்திருத்தல் வேண்டும். இவ்வளவுகோலின்படி இருமுறைகளையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடல் உடைமையான வரலாறு

பாடல் விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளாக மாறியது அண்மைக் கால நிகழ்ச்சியே. எமிலி பெர்லினர் தட்டு வடிவிலான கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1887இல். அதே ஆண்டில்தான் உ.வே.சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவிலும் 1903இல் சிங்கப்பூரிலும் பாடல்களைப் பதிவு செய்தார். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அக்காலத் தட்டின் ஒருபுறம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலித்தது. தமிழ் நாடக மேடையில் பல நிமிடங்கள் விரித்துப் பாடப்பெற்ற பாடல், அம்மூன்று நிமிடத்திற்குள் அடங்க வேண்டியதாயிற்று. நாடக மேடை, இசைத்தட்டு, பேசும்படம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்த வரலாற்றை ஸ்டீபன் ஹியூஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளார்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, இசைத்தட்டை வாங்க இயலாதோர்க்கும் பாடலை உடைமையாக்கியது. வட இந்தியாவில் ஒலிநாடாவின் வரவு ஒற்றை நிறுவனத்தின் ஆதிக்கத்தைத் தகர்த்து, வட்டார இசைக்கு வழி திறந்ததைப் பீட்டர் மேனுவல் 1993இல் வெளியான தம் நூலில் எடுத்துரைத்தார். மலேசியத் தோட்டப்புறங்களிலும் சிங்கப்பூர் அடுக்ககங்களிலும் தமிழ்ப் பாடல் வேரூன்றியதில் வானொலிக்கு அடுத்த பங்கு ஒலிநாடாவுடையதே எனலாம். வானொலியில் பாடல் எப்பொழுது வரும் என்பது நேயரின் கையில் இல்லை. நாடாவிலோ விரும்பியபோதெல்லாம் கேட்கலாம்.

இவ்வுடைமை பெரும்பாலும் முறையான உடைமை அன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகள் இருந்தன. பின்னர் இரவுச் சந்தைகளில் நூற்றுக்கணக்கான பாடல்கள் அடங்கிய எம்.பி.3 வட்டுகள் சில வெள்ளிக்கு விற்கப்பட்டன. அவ்விற்பனையில் பாடலாசிரியர்க்கோ, இசையமைப்பாளர்க்கோ, பாடகர்க்கோ ஒரு காசும் சென்றதில்லை.

இங்கு நோக்கத்தக்க காலக்கணக்கு ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் 2003இல் தொடங்கியது. மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் 2012 ஜூனில்தான் வந்தது. ஸ்பாட்டிஃபை இவ்விரு நாடுகளிலும் 2013 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் பத்து மாதமே. மேலை நாட்டுக் கேட்போர் பாடற்கோப்புகளை முறையாக விலைகொடுத்து வாங்கிச் சேர்க்கும் பழக்கத்தைப் பத்தாண்டுக் காலம் பயின்றனர். நம்முள் பெரும்பாலோர் ஒலிநாடாவிலிருந்தும் திருட்டு வட்டிலிருந்தும் நேரே சந்தாவிற்குத் தாவினோம். மின்னிலக்க வடிவில் ஒன்றை முறையாக உடைமையாக்குதல் எத்தகையது என்னும் எண்ணமே நம்மிடையே வேரூன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சந்தாவின் நன்மைகள்

சந்தா முறையின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். முதலாவது நன்மை அணுக்கம். முன்னர்ச் சென்னை சென்றோர் வாங்கி வந்தால்தான் கிடைத்த கருநாடக இசைப் பதிவுகள், இன்று சிறு நகரத்துத் தமிழாசிரியரின் கைப்பேசியில் நொடிப்பொழுதில் ஒலிக்கின்றன. ஒரே கீர்த்தனையை ஐவர் பாடியவாறு அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு, முன்னர்ப் பெருஞ்சேகரிப்பாளர் சிலர்க்கே வாய்த்தது.

இரண்டாவது நன்மை செலவு. மாதம் 15 வெள்ளி எனக் கொண்டால் ஆண்டிற்கு 180 வெள்ளி ஆகும். குறுந்தட்டு ஒன்றின் விலையை 30 வெள்ளி எனக் கொண்டால், இத்தொகையில் ஆண்டிற்கு ஆறு தட்டுகளே வாங்கலாம். ஆறு தட்டுகளில் அறுபது பாடல்கள் இருக்கக்கூடும். சந்தாவிலோ கோடிக்கணக்கான பாடல்கள் உள்ளன. எனினும் கணக்கு அத்துடன் முடிவதில்லை. இருபது ஆண்டுகளில் சந்தாதாரர் 3,600 வெள்ளி செலுத்தியிருப்பார். அதன்பின் சந்தாவை நிறுத்தினால் அவர் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. தட்டு வாங்கியவரிடம் 120 தட்டுகள் இருக்கும். இளமையில் பலவற்றைக் கேட்டறிய விழைவோர்க்குச் சந்தா ஏற்றது. தம் விருப்பம் இன்னதென அறிந்து, அதனையே மீண்டும் மீண்டும் கேட்போர்க்கு உடைமை ஏற்றது என்பது இக்கணக்கால் பெறப்படும்.

மூன்றாவது நன்மை அறம் சார்ந்தது. சந்தா முறையில் உரிமையாளர்க்குச் சிறு தொகையேனும் சென்று சேர்கிறது. திருட்டு வட்டை வாங்கிய நாம் இதனை எளிதாக எண்ணிவிடல் கூடாது.

சந்தாதாரர் பெறுவது யாது?

சந்தாதாரர் பெறுவது பாடலன்று. பாடலைக் கேட்பதற்கான இசைவு. அவ்விசைவும் சேவை நிறுவனத்திற்கும் பாடலின் உரிமையாளர்க்கும் இடையிலான ஒப்பந்தத்தைச் சார்ந்தது. ஒப்பந்தம் முறியுமாயின் பாடல் மறையும். சந்தாதாரர் அவ்வொப்பந்தத்தில் தரப்பினர் அல்லர்.

இதற்குத் தக்க சான்று 2019இல் கிடைத்தது. ஸ்பாட்டிஃபை இந்தியாவில் அவ்வாண்டு பிப்ரவரியில் தன் சேவையைத் தொடங்கியது. ஏப்ரலில் சரிகம நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியதைத் தொடர்ந்து, அந்நிறுவனத்தின் பாடல்களை விலக்கிக்கொள்ள ஸ்பாட்டிஃபை உடன்பட்டது. 2020 மே மாதத்தில்தான் இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. சரிகம என்பது 2000ஆம் ஆண்டு வரை இந்திய கிராமபோன் கம்பெனி என்னும் பெயரில் இயங்கிய நிறுவனமாகும். பழைய தமிழ்த் திரைப்பாடல்களின் பெரும்பகுதி அதன் வசமே உள்ளது. அந்த ஓராண்டுக் காலம், அச்சேவையை மட்டும் நம்பியிருந்த இந்தியக் கேட்போர்க்குத் தமிழ்த் திரையிசையின் முற்பகுதி இல்லாத ஒன்றாயிற்று. 2023இல் ஸீ மியூசிக் நிறுவனத்தின் இந்திப் பாடல்கள் மறைந்ததும் இவ்வகையினதே.

நம் மண்ணுக்கும் இத்தகைய பிணக்குகளுக்கும் தொடர்பில்லை என எண்ண இடமில்லை. இளையராஜாவின் பாடல் உரிமை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூனில் தீர்ப்பளித்த வழக்கில் மலேசிய இசை நிறுவனம் ஒன்றும் தரப்பினராக இருந்தது. உரிமை யாருடையது என்னும் வினா தீராதவரை, அப்பாடல்கள் இணையத்தில் எங்கே, எவர் வழியாகக் கிடைக்கும் என்பதும் உறுதியற்றதே. வழக்கிற்கு முன்னர் வாங்கப்பட்ட இசைத்தட்டை அவ்வழக்கு தீண்டுவதில்லை.

விலைகொடுத்து இறக்கும் கோப்பு, பருப்பொருளான தட்டிற்கு முற்றும் நிகராகுமா எனின், அதுவும் இல்லை. வாங்கிய கோப்பைப் பிறர்க்கு விற்கும் உரிமை உண்டா என்னும் வழக்கில், தட்டிற்குரிய மறுவிற்பனை உரிமை கோப்பிற்குப் பொருந்தாது என அமெரிக்க நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதனை உறுதிசெய்தது. கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டமொன்று இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துகிறது. மின்னிலக்கப் பொருளை விற்போர், வாங்குவோர் பெறுவது உரிமமே என வெளிப்படையாகக் கூறாது ‘வாங்குக’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. நிரந்தரமாக இறக்கி, இணையத் தொடர்பின்றியே பயன்படுத்தத்தக்க கோப்புகளுக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. உடைமைக்கும் இசைவிற்கும் இடையிலான எல்லைக்கோடு இதுவே.

பாடவேறுபாடும் பதிப்பும்

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே.சா. பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். அம்முயற்சி கைகூடியமைக்கு அவருடைய புலமை ஒரு காரணம். பல வீடுகளிலும் மடங்களிலும் ஏடுகள் தனித்தனி உடைமைகளாக இருந்தமை மற்றொரு காரணம். ஒரு வீட்டில் செல்லரித்த பகுதி மற்றொரு வீட்டில் பிழைத்திருந்தது. ஏடுகள் யாவும் ஒரே இடத்தில் ஒருவர் பொறுப்பில் இருந்திருப்பின், அங்கு நேரும் ஒரு தீயில் அனைத்தும் அழிந்திருக்கும்.

இவ்வுண்மை பாடலுக்கும் பொருந்தும். ஒரு திரைப்பாடலுக்குப் படத்தில் இடம்பெற்ற வடிவம், இசைத்தட்டிற்கெனச் சுருக்கப்பட்ட வடிவம், பிற்காலத்தில் ஒலி மெருகூட்டப்பட்ட வடிவம், பிறர் மீளப் பாடிய வடிவம் எனப் பல வடிவங்கள் உண்டு. சரணம் ஒன்று விடுபட்டிருக்கலாம். தணிக்கையின் பொருட்டுச் சொல் ஒன்று மாற்றப்பட்டிருக்கலாம். இசைச் சேவைகளில் இவ்வடிவங்களுள் எது கிடைக்கிறது என்பதை அறிவதே அரிது. ஓராண்டு ஒரு வடிவமும் மறு ஆண்டு வேறொரு வடிவமும் அதே பெயரில் ஒலிக்கக்கூடும். இத்தகைய சேவையை மேற்கோள் காட்டி எழுதப்படும் ஆய்வேடு, பக்க எண்கள் மாறிக்கொண்டேயிருக்கும் நூலை மேற்கோள் காட்டுவதற்கு ஒப்பாகும்.

தகவற்குறைவு மற்றொரு குறை. இசைத்தட்டின் நடுத்தாளிலும் உறையிலும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், தட்டின் எண் ஆகியவை அச்சிடப்பட்டிருந்தன. திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப்புத்தகங்களில் கதைச்சுருக்கமும் பாடல் வரிகளும் இருந்தன. முற்காலப் புத்தகங்களில் இராகமும் தாளமும்கூடக் குறிக்கப்பட்டன. இசைச் சேவைகளிலோ பாடலின் பெயர் உரோமன் எழுத்தில் பலவாறாக எழுதப்படுகிறது. ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடுகின்றன. கருநாடக இசைப் பதிவுகளில் வயலின், மிருதங்கம் வாசித்தோரின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பாடலாசிரியர் பெயரை அறியாமலேயே பாடலைக் கேட்டு வளரும் தலைமுறை ஒன்று உருவாகிறது. தமிழாசிரியர்க்கு இதனினும் கவலைக்குரிய செய்தி வேறில்லை.

தனியார் உடைமை பொதுச்சொத்தாக மலர்ந்ததற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பே தக்க எடுத்துக்காட்டு. பிறர் பொருட்படுத்தாத பாட்டுப்புத்தகம், சிறுநூல், இதழ் ஆகியவற்றையெல்லாம் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், அச்சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. சந்தாதாரர் ஒருவர் மறைந்தால் அவருடைய பாடற்பட்டியலிலிருந்து அத்தகைய நூலகம் எதுவும் எழாது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடல்கள்

இதுகாறும் கூறியவை தமிழகப் பாடல்களைப் பற்றியன. அவை எவ்வாறேனும் எங்கேனும் பிழைத்திருக்கும். அவற்றை விரும்புவோர் பல நாடுகளில் உள்ளனர். நம் நாடுகளில் இயற்றப்பட்ட தமிழ்ப் பாடல்களின் நிலை அத்தகையதன்று.

யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வெளிவந்தது. தமிழில் ராப் இசையின் வரலாற்றை எழுதுவோர் அதனைத் தவிர்த்தல் இயலாது. அஃது இரசிகர்களைப் பெற்றது, ஆதலின் பிழைத்தது. அத்துணைப் புகழ் பெறாத மெல்லிசைக் குழுக்களின் ஒலிநாடாக்கள், கோயில் திருவிழாக்களை ஒட்டி வெளியான பக்திப் பாடல்கள், தமிழ்ப்பள்ளிகளுக்கென இயற்றப்பட்ட சிறுவர் பாடல்கள் ஆகியவற்றின் நிலை யாது? அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டிய நிறுவனங்களே பல மறைந்துவிட்டன. அவை இருக்குமாயின் நம் வீட்டு அலமாரிகளிலேயே இருக்கும்.

இணையத்தில் ஏற்றப்பட்டவற்றிற்கும் இடர் உண்டு. சேவைகள் பொதுவாகச் சந்தாத் தொகையை ஒரு நிதியாகத் திரட்டி, மொத்தக் கேட்பில் ஒவ்வோர் உரிமையாளர்க்கும் உள்ள விழுக்காட்டிற்கேற்பப் பகிர்கின்றன. ஆதலின் ஒருவர் தாம் மாதம் முழுவதும் மலேசியத் தமிழ்ப் பாடல்களையே கேட்டாலும், அவர் செலுத்திய தொகை முழுதும் அப்பாடகர்களைச் சேர்வதில்லை. மேலும், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை இல்லை என்னும் விதியை ஸ்பாட்டிஃபை 2024 முதல் நடைமுறைப்படுத்தியது. பெருமொழிப் பாடலுக்கு 1,000 என்பது சிறிய எண். கிள்ளானிலோ ஈப்போவிலோ உருவாகும் தமிழ்ப் பாடலுக்கு அவ்வாறன்று. சந்தா முறை திருட்டு வட்டினும் அறமுடையது என மேலே கூறினோம். அவ்வறம் எண்ணிக்கையில் சிறியோரை எட்டுவதற்கு முன்னரே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அத்தகைய பாடகரிடம் நேரே ஒரு தட்டையோ கோப்பையோ வாங்குதல், ஆயிரம் முறை கேட்பதினும் அவர்க்குப் பயன் தரும்.

பாதுகாப்பிற்கான சட்டங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மலேசியாவின் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சிடப்படாத பொருள்களையும் உள்ளடக்குகிறது. சிங்கப்பூரில் 2015இல் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கியதில் தொடங்கிய மின்மரபுடைமை முயற்சி, பின்னர் நாடகம், இசை, நடனம் என விரிந்தது. ஆயினும் நூலகம் பாதுகாப்பதற்கு முதலில் யாரேனும் ஒரு படியைக் கொண்டுவந்து தருதல் வேண்டும். சந்தாச் சேவையில் மட்டும் வெளியாகும் பாடலில் கேட்போர் கையில் அத்தகைய படியே இல்லை.

உடைமையின் குறைகள்

உடைமையே போதுமெனக் கூறுதலும் பொருந்தாது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் நாடாவிற்குப் பகை. நாடாவில் பூஞ்சை படியும். எழுதத்தக்க வட்டுகள் சில ஆண்டுகளில் படிக்க இயலாதனவாகலாம். கணினியின் வன்தட்டு முன்னறிவிப்பின்றிப் பழுதுறும். இயக்கும் கருவியும் அருகி வருகிறது. பெருநிறுவனங்களின் உடைமையும் இதற்கு விலக்கன்று. 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் எரிந்த செய்தி 2019இல்தான் விரிவாக வெளிவந்தது. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள், கோப்புகளை இடம் மாற்றியபோது அழிந்தன என்பதும் 2019இல் தெரியவந்தது.

இக்கட்டுரையாளர் இலண்டனில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில் பிரித்தானிய நூலகத்தின் ஒலிக்காப்பகம் பெருந்துணையாக இருந்தது. அந்நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் இணையவழி ஒலித்தொகுப்பு நெடுங்காலம் கிட்டாமற் போயிற்று. ஆயினும் தட்டுகளும் நாடாக்களும் அலமாரிகளில் அவ்வாறே இருந்தன. அணுக்கம் வேறு, இருப்பு வேறு என்பதற்கு இஃதொரு சான்று. எனவே ஒரே படியை வைத்திருத்தல் உடைமையன்று; பல படிகள் பல இடங்களில் இருத்தலே உண்மையான பாதுகாப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது: கேட்டு மகிழ்வதற்கும் புதியன அறிவதற்கும் சந்தா ஏற்றது; கற்பிப்பதற்கும் ஆய்வதற்கும் வழிவழியாக ஒப்படைப்பதற்கும் உடைமை இன்றியமையாதது. சந்தாவைக் கைவிடுமாறு இக்கட்டுரை கோரவில்லை. சந்தா ஒன்றையே நம்பும் சமூகம், தன் பாடல் வரலாற்றைத் தான் தரப்பினராக இல்லாத ஒப்பந்தங்களிடம் ஒப்படைத்துவிடுகிறது என்பதே கவலை.

செயற்பாட்டளவில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். ஒன்று, பாடத்திட்டத்தில் இடம்பெறும் ஒவ்வொரு பாடலுக்கும் துறை நூலகத்தில் முறையாக வாங்கப்பட்ட படியொன்று இருத்தல் வேண்டும். இரண்டு, ஆய்வேடுகளில் பாடலை மேற்கோள் காட்டும் மாணாக்கர் தாம் கேட்ட வடிவம், தட்டின் எண், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்குமாறு பணித்தல் வேண்டும். மூன்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணாக்கர் வீடுகளில் எஞ்சியுள்ள மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் ஒலிநாடாக்களின் பட்டியலையேனும் தொகுக்கலாம். உரையின் விவரங்களை எழுதிவைக்கச் சந்தாவோ கருவியோ தேவையில்லை.

இக்கட்டுரையாளரின் வகுப்பில் ஒலிக்காமற்போன ஆறு பாடல்களுள் ஐந்து அடுத்த பருவத்தில் சேவையில் மீண்டும் தோன்றின. அப்பொழுதும் விளக்கம் எதுவும் தரப்படவில்லை. மீளாத அந்த ஒரு பாடல் தந்தையாரின் நாடாக்களில் இல்லை. அதனை உடைமையாக வைத்திருப்போர் எவரேனும் இருப்பர் என்னும் நம்பிக்கையில், பட்டியலில் அதன் பெயர் இன்னும் நீக்கப்படாமல் உள்ளது.